மைலேஜ் விதி இறுகினால் மசில் கார் என்ன ஆகும்?

கேள்வி: அமெரிக்காவில் எரிபொருள் சிக்கன விதிகள் இறுகிக்கொண்டே போனால் மஸ்டாங், சார்ஜர் போன்ற மசில் கார்களுக்கு எதிர்காலம் உண்டா? டாலஸில் இருக்கும் என் தம்பி, "வி8 வண்டியை இப்போதே வாங்கினால்தான் உண்டு, இன்னும் சில வருஷத்தில் கண்ணில்கூடப் படாது" என்கிறான். உண்மைதானா?

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் வைத்த கார்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. ஆனால் அதற்கு முழுப் பழியையும் மைலேஜ் சட்டத்தின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு: அந்த வண்டியைத் தயாரிக்கும் கம்பெனி வேறென்ன விற்கிறது என்பது ஒன்று, வாங்க வருபவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொன்று. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வந்தால்தான் இது புரியும்.

மசில் கார் என்ற சமாச்சாரமே ஒரு விதியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிறந்ததுதான். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 1964 டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல இன்ஜினைப் போட்டார்கள். நம் கணக்கில் 6.4 லிட்டர். அதைத் தனி மாடல் என்று சொல்லாமல், வாடிக்கையாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் 'ஆப்ஷன்' என்று காகிதத்தில் காட்டினார்கள். அதுதான் ஜிடிஓ. மசில் கார் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள்.

செய்முறை ரொம்ப எளிது. சாதாரணக் குடும்பக் கார், அதில் பெரிய காருக்கான இன்ஜின், பின் சக்கரத்துக்கு சக்தி, விலை கட்டுப்படியாக. 1968 பிளிமத் ரோட் ரன்னரைப் பாருங்கள். தரையில் கம்பளம் கிடையாது, முன்னால் நீளமான ஒரே சீட், அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் பானெட்டைத் திறந்தால் 6.3 லிட்டர் இன்ஜின், 335 குதிரைத்திறன். விலை 2,896 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு ஏறத்தாழ 26,000 டாலர். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் தவணையில் எடுக்கக்கூடிய விலை. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் தலைமுறை எப்போது செத்தது? 1970-இல் உச்சம். ஷெவெல் எஸ்எஸ் காரில் 454 கன அங்குல இன்ஜின் 450 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு காற்று மாசுச் சட்டம் வந்தது. புகையில் உள்ள நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றபடி 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் கம்ப்ரெஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அமுக்கப்படும் அளவை, குறைத்தது. இதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனிகள் விழித்துக்கொண்டுவிட்டன. இளவயது ஆண், பெரிய இன்ஜின் என்றாலே பிரீமியத்தைத் தாளிக்க ஆரம்பித்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, பெட்ரோல் பங்கில் வரிசை. 1974-க்குப் பிறகு ஜிடிஓ இல்லை, சாலஞ்சர் இல்லை, பாரகுடா இல்லை, ஜாவெலின் இல்லை.

இப்போது தேதியைக் கவனியுங்கள். கார்களுக்கு மைலேஜ் வரம்பு வைத்த சட்டத்தில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டது 1975 டிசம்பரில். அது அமலுக்கு வந்தது 1978 மாடல்களிலிருந்து. அதாவது மைலேஜ் சட்டம் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கொன்றது இன்சூரன்ஸும் புகைச் சட்டமும் எண்ணெய் விலையும். பழி மட்டும் பின்னால் வந்தவன் மேல்.

அந்தச் சட்டம் செய்த வேலை வேறு. 1978-இல் ஒரு கம்பெனியின் கார்கள் சராசரியாக கேலனுக்கு 18 மைல் தர வேண்டும், 1985-இல் 27.5 மைல் என்றது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், மைல் கணக்கை 0.425-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு வரும். ஆக 27.5 என்பது 11.7 கிலோமீட்டர். இந்த அழுத்தத்தில் செத்துப்போன வண்டிகள் திரும்பிவர முடியாமல் போனது என்று வேண்டுமானால் சொல்லலாம். எஞ்சியிருந்தவை எப்படி இருந்தன? 1974 மஸ்டாங்கில் வி8 இன்ஜினே கிடையாது. அடிப்படை இன்ஜின் நாலு சிலிண்டர், 88 குதிரைத்திறன். அடுத்த வருஷம் 5 லிட்டர் வி8 வந்தது, 140 குதிரைத்திறனோடு. 1982 கமாரோவில் 90 குதிரைத்திறன் தரும் நாலு சிலிண்டர் இன்ஜின்கூட இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பட்டைக் கோடு, பானெட்டில் காற்றுத் துளை, கதவில் பாம்புப் படம், எதற்கும் குறைவில்லை. மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்கவில்லை.

1980-களின் நடுவில் ஃபோர்டு, மஸ்டாங்கை மாஸ்டாவின் முன்சக்கர இயக்கக் காரை வைத்து மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டது. ரசிகர்கள் கடிதம் எழுதித் தள்ளினார்கள். அந்தக் கார் 'ப்ரோப்' என்ற வேறு பெயரில் வந்தது, மஸ்டாங் தப்பியது. அப்புறம் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்ததும் 1987-இல் அதே 5 லிட்டர் இன்ஜின் 225 குதிரைத்திறனுக்கு ஏறியது. அடுத்த பல வருஷம் மைலேஜ் வரம்பு 27.5-லேயே நின்றுவிட்டது, 1990-இலிருந்து 2010 வரை நகரவே இல்லை.

சரி, இன்றைய சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். 'இந்தக் கார் இவ்வளவு மைலேஜ் தராவிட்டால் விற்கக் கூடாது' என்று எந்த விதியும் இல்லை. விதி கம்பெனிக்குத்தான். அது விற்கும் வண்டிகளின் சராசரி இலக்கைத் தொட வேண்டும்; கார், டிரக் கணக்கு தனித்தனி என்றாலும் ஒன்றின் மிச்சத்தை ஓரளவு மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம். கார்ப்பரேட் ஆவரேஜ் ஃபியூயல் எகானமி, சுருக்கமாக 'கஃபே'. இந்தியாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள விதிக்கும் இதே பெயர்தான், கணக்கு முறை மட்டும் கொஞ்சம் வேறு.

அந்தச் சராசரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 18 மைல் தரும் மசில் கார் ஒன்றும் 45 மைல் தரும் சின்னக் கார் ஒன்றும் விற்றால் சராசரி 31.5 என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, 25.7. ஏனென்றால் கூட்டப்படுவது ஒரே தூரத்துக்கு இரண்டு வண்டியும் குடிக்கும் பெட்ரோல். கணிதத்தில் இசைச் சராசரி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இதன்படி, சராசரி 40-ஐத் தொட வேண்டுமானால் ஒரு மசில் காருக்கு 45 மைல் தரும் வண்டி பதினொன்று விற்றாக வேண்டும். அதிகம் குடிக்கும் வண்டி சராசரியைக் கீழே இழுக்கும் வேகம் அப்படி.

எனவே ஒரு வி8 கார் பிழைப்பதும் போவதும் அதன் இன்ஜினில் இல்லை, பக்கத்து ஷெட்டில் என்ன தயாராகிறது என்பதில் இருக்கிறது. கிரைஸ்லர் குழுமத்தைச் சேர்ந்த டாட்ஜின் கதை இதற்கு நல்ல உதாரணம். பழைய பெயரில் திரும்பி வந்திருந்த சாலஞ்சரில் 2015-இல் ஹெல்கேட் என்ற மாடல் வந்தது: காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 லிட்டர், 707 குதிரைத்திறன், நகரத்தில் கேலனுக்கு 13 மைல். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர். அடுத்த ஆண்டே அதே கம்பெனி டாட்ஜ் டார்ட், கிரைஸ்லர் 200 என்ற இரண்டு சிக்கனமான கார்களையும் நிறுத்திவிட்டது, லாபம் இல்லை என்று. மிஞ்சியது ஜீப்பும் ராம் பிக்கப்பும் ஹெல்கேட்டும். சராசரியைத் தூக்கிவிட ஆளே இல்லை. விளைவு, 2016 முதல் 2019 வரையிலான மாடல்களுக்குக் கிட்டத்தட்ட 40 கோடி டாலர் அபராதம். அது போக, இலக்கைத் தாண்டிய மற்ற கம்பெனிகளிடம் அவற்றின் மிச்சப் புள்ளிகளை, அதாவது கிரெடிட்டை, விலைக்கு வாங்கிய செலவு தனி.

அபராதம் எப்படிப் பெருகும் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இலக்கிலிருந்து 0.1 மைல் குறைந்தால் ஒரு காருக்கு இவ்வளவு என்று விகிதம் இருந்தது. நெடுங்காலம் 5.50 டாலராக இருந்தது, பின்னால் 14 டாலராகியது. ஒரு கம்பெனியின் சராசரி 3 மைல் குறைவு, விற்றது ஐந்து லட்சம் வண்டி என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 420 டாலர், மொத்தம் 21 கோடி டாலர். பழைய விகிதத்தில் இது 8 கோடி சொச்சம்தான். தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். விகிதம் ஏறியபோதுதான் கம்பெனிகளுக்கு வலித்தது.

2023 டிசம்பர் 22 அன்று கனடாவின் பிராம்டன் ஆலையிலிருந்து கடைசி சாலஞ்சர் வெளியே வந்தது. 1,025 குதிரைத்திறன் கொண்ட டீமன் 170. அதற்கு ஒரு வாரம் முன்பு மிச்சிகனில் கடைசி கமாரோ. ஒரே மாதத்தில் இரண்டு பெயர்கள் போனதால் ஏதோ சட்டம் வந்து ஒரேயடியாக வெட்டிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் சாலஞ்சரின் அடித்தளம் 2005 வாக்கில் போட்டது. மெர்சிடிஸுடன் கூட்டாக இருந்த காலத்துச் சரக்கு. கமாரோவுக்கோ வாங்க ஆளில்லை. ஜன்னல் கண்ணாடி சின்னது, பின் சீட்டில் மனிதர் உட்கார முடியாது, வெளியே பார்ப்பதே சிரமம். ஓட்டினால் மூன்றிலும் சிறந்தது அதுதான் என்பது என் கட்சி. ஆனால் மக்கள் வாங்கியது மஸ்டாங்கையும் சாலஞ்சரையும்.

விதியின் இன்னொரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 2007-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இலக்கு வண்டியின் தரைப்பரப்பைப் பொறுத்தது. சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வருவது. பெரிய பரப்பு என்றால் இலக்கு எளிது, சிறிய பரப்பு என்றால் கடினம். மஸ்டாங்கின் பரப்பு டொயோட்டா கேம்ரிக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இலக்கு. 2025 கேம்ரி முழுக்க ஹைபிரிட், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. அடிப்படை மாடல் கேலனுக்கு 51 மைல் தருகிறது. மஸ்டாங் ஜிடி 18 மைல் சொச்சம். இந்த இடைவெளியை எந்தத் தொழில்நுட்பமும் அடைக்காது. அடைக்கவும் தேவையில்லை, மற்ற வண்டிகள் ஈடு கொடுத்தால் போதும்.

எஸ்யுவி, பிக்கப் எல்லாம் பெரும்பாலும் 'இலகு ரக டிரக்' கணக்கில் வரும், அதற்கு இலக்கு இன்னும் தாழ்வு. அதிகம் குடிக்கும் கார்களுக்கு என்று 1980 மாடல்களிலிருந்து தனி வரி ஒன்று இருக்கிறது: சோதனையில் 22.5 மைலுக்குக் கீழே போனால் 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரை. இந்தத் தொகைகள் 1991-க்குப் பிறகு மாறவில்லை. 2015 சாலஞ்சர் ஹெல்கேட் வாங்கியவர் ஜன்னலில் ஒட்டிய விலைப்பட்டியலில் இந்த வரி தனி வரியாக அச்சாகியிருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் 1,700, மேனுவல் என்றால் 2,100. அதே ஹெல்கேட் இன்ஜினை டுராங்கோ எஸ்யுவியில் போட்டு விற்றார்கள். 710 குதிரைத்திறன், எடை இன்னும் கூட, குடிப்பதும் இன்னும் கூட. வரி? ஒரு காசு கிடையாது. கார் இல்லையாம், டிரக்காம். இரண்டு கதவுக் கூப்பேவைத் தண்டித்து மூன்று வரிசை எஸ்யுவியைத் தட்டிக்கொடுக்கும் விதியை யார் எழுதினாலும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் படுகிறது.

இனி இன்ஜினுக்குள் போவோம். வி8 ஏன் இவ்வளவு குடிக்கிறது? முழு வேகத்தில் ஓடும்போது குடிப்பது எல்லோருக்கும் தெரியும். பிரச்சினை அது அல்ல. அரசின் சோதனை ஓட்டத்தில் முழு வேகமே கிடையாது. நகரச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 21 மைல்தான், நெடுஞ்சாலைச் சோதனையே 60 மைலைத் தாண்டாது. சமதளத்தில் 60 மைல் வேகத்தில் ஒரு கார் சீராக ஓட ஏறத்தாழ 15 முதல் 20 குதிரைத்திறன் போதும். 480 குதிரைத்திறன் இன்ஜின் அந்த வேலையைச் செய்யும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாக எட்டு பிஸ்டனும் காற்றை உறிஞ்சப் போராடும். காற்றை இழுப்பதிலேயே கணிசமான சக்தி போய்விடும். எட்டு பிஸ்டன், பதினாறு அல்லது முப்பத்திரண்டு வால்வு, அத்தனையின் உராய்வும் சேரும். வேலையே இல்லாதபோது தின்னும் சோறுதான் வி8-க்குச் செலவு.

இதற்கு முதல் மருந்து பாதி சிலிண்டரைத் தூங்கவைப்பது. கிரைஸ்லர் 2005 மாடல் வாக்கில் 'ஹெமி' என்ற தன் 5.7 லிட்டர் வி8 இன்ஜினில் இதைக் கொண்டுவந்தது. இந்த இன்ஜினில், சுழன்று வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் மேட்டுக்கும் (கேம்) வால்வுக்கும் நடுவில் லிஃப்டர் என்று ஒரு சிறு உருளை. சாதாரணமாக அது கெட்டியாக நின்று கேமின் தள்ளலை மேலே அனுப்பும். மின்சாரத்தில் இயங்கும் சிறு திறப்பான சொலினாய்டு திறந்து ஆயில் அழுத்தத்தை உள்ளே விட்டால், லிஃப்டருக்குள் இருக்கும் பூட்டு முள் விலகும்; அப்புறம் கேம் தள்ளினாலும் லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும், வால்வு அசையாது. உள்ளும் வெளியும் மூடிய சிலிண்டருக்குள் அடைபட்ட வாயு ஸ்பிரிங் போல அமுங்கி விரியும், பெரிய நஷ்டம் இல்லை. மிச்சமுள்ள நாலு சிலிண்டரும் கூடுதல் சுமை தாங்குவதால் த்ராட்டில் கொஞ்சம் அகலத் திறக்கும், மூச்சுத் திணறல் குறையும். நெடுஞ்சாலையில் கால் லேசாக வைத்துப் போகும்போது சைலன்சர் சத்தம் சட்டென்று ஒரு மாதிரி கனத்துக் கேட்கும். காது பழகியவர்களுக்கு அந்த மாற்றம் தெரியும். அழுத்தினால் கண் இமைப்பதற்குள் எட்டும் திரும்பிவிடும். சாலஞ்சரில் மேனுவல் கியர்பாக்ஸ் எடுத்தவர்களுக்கு இந்த வசதி தரப்படவில்லை. ஹெல்கேட்டிலும் இல்லை.

இரண்டாவது மருந்து கியர். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், ஜென்மப் பகையாளிகள், சேர்ந்து பத்து கியர் ஆட்டோமேட்டிக்கை உருவாக்கினார்கள். கியர் கூடினால் இன்ஜின் தனக்குத் தோதான சுற்றிலேயே ஓட முடியும். மேனுவல் கியர் வழக்கொழிவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 மஸ்டாங்கின் நாலு சிலிண்டர் மாடலில் அது கிடையாது, வி8-இல் மட்டும் மிச்சம். மூன்றாவது, நேரடி எரிபொருள் செலுத்துதல், அதாவது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவது. 2018-இல் மஸ்டாங்கின் 5 லிட்டர் இன்ஜினில் நேரடிச் செலுத்தலையும் பழைய முறையையும் இணைத்து கம்ப்ரெஷனை 12-க்கு ஏற்றினார்கள். குதிரைத்திறன் 460. 2011-இல் இதே இன்ஜின் வந்தபோது 412. இன்றைக்கு 480. விதி இறுகிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த ஏற்றம் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2011 மஸ்டாங் வி6 கார் 305 குதிரைத்திறனோடு நெடுஞ்சாலையில் 31 மைல் கொடுத்தது. 1970-இல் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இதற்கு மேல் போக வேண்டுமானால் இன்ஜினையே சுருக்க வேண்டும். டாட்ஜ் அதைத்தான் செய்திருக்கிறது. புதிய சார்ஜரில் ஹெமி இல்லை. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசையாக, புகையின் வேகத்தில் சுழன்று காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போ. மலிவான மாடலில் 420, மேல் மாடலில் 550 குதிரைத்திறன். பழைய 6.4 லிட்டர் ஹெமி கொடுத்தது 485. காகிதத்தில் எல்லாவற்றிலும் ஆறு சிலிண்டர் ஜெயிக்கிறது. ஓட்டுகிற ஆள் பெட்ரோலில் எவ்வளவு மிச்சம் பிடிப்பார் என்பது வேறு விஷயம். டர்போவை வேலை வாங்கினால் அதுவும் தாராளமாகக் குடிக்கும். சோதனை ஓட்டத்தில் டர்போ தூங்கும், அங்கேதான் மதிப்பெண்.

முதலில் டாட்ஜ் எடுத்த முடிவு இன்னும் தைரியமானது. 2024-இல் சார்ஜரை மின்சாரக் காராகவே கொண்டுவந்தார்கள். சார்ஜர் டேடோனா, 670 குதிரைத்திறன், 60 மைல் வேகத்தை 3.3 நொடியில் தொடும். எடை 2,600 கிலோவுக்கு மேல், பழைய 1970 சாலஞ்சரைவிட ஏறத்தாழ ஒரு டன் அதிகம். சத்தம் இல்லாவிட்டால் வாங்குபவன் ஓடிவிடுவான் என்று வண்டியின் பின்னால் ஒரு பெட்டிக்குள் ஒலிபெருக்கி வைத்து, குழாய் வழியாக 126 டெசிபல் வரை உறுமவைத்தார்கள். எனக்கு அந்தப் பொறியாளர்கள் மேல் மரியாதை உண்டு, முயற்சி அசட்டையானது அல்ல. ஆனாலும் கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பதில் ரெக்கார்டு போட்ட மாதிரிதான் இருந்தது. ரசிகர்கள் ஏற்கவில்லை. மலிவான மின்சார மாடலை 2026-க்கு நிறுத்திவிட்டார்கள். மின்சாரக் காருக்கான 7,500 டாலர் அரசு வரிச் சலுகையும் 2025 செப்டம்பரோடு போய்விட்டது.

இந்த இடத்தில் உங்கள் கேள்வியின் முதல் வரியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 'இறுகிக்கொண்டே போனால்' என்கிறீர்கள். அமெரிக்காவில் இப்போது நடப்பது அது அல்ல. 2012-இல் ஒபாமா அரசு 2025-க்கு 54.5 மைல் என்றது. 2020-இல் டிரம்ப் அரசு தளர்த்தியது. 2022-இல் பைடன் அரசு 2026-க்கு 49 என்று இறுக்கியது, 2024 ஜூனில் 2031-க்கு 50.4 என்றது. 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டத்தில் ஒரு மூலையில் கஃபே அபராதத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். விதி இருக்கிறது, மீறினால் கேட்க ஆளில்லை. அதே ஆண்டு டிசம்பரில் 2031 இலக்கை 34.5 மைலாகக் குறைக்கும் முன்மொழிவு வந்தது. கலிஃபோர்னியா தனக்கென்று கடுமையான விதி வைத்துக்கொள்ளும் அனுமதியையும் 2025 ஜூனில் ரத்து செய்தார்கள்.

இதன் விளைவு ஏற்கெனவே தெரிகிறது. ராம் 1500 பிக்கப்பில் நிறுத்தியிருந்த ஹெமி வி8-ஐ 2026 மாடலில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியானால் வி8 சாலஞ்சரும் திரும்புமா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. பிக்கப்பில் அந்த இன்ஜினுக்கு இடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு புதுக் காரை வரைந்து ஆலைக்குக் கொண்டுவர நாலைந்து வருஷம் ஆகும். அது அதற்குப் பின் ஏழெட்டு வருஷம் விற்க வேண்டும். அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் நாலு வருஷம். அபராதம் பூஜ்யம் என்று நம்பிக் கோடிக்கணக்கில் கொட்டி, வண்டி சந்தைக்கு வரும்போது வேறொருவர் வந்து 50 மைல் என்றால்? எந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையும் இதற்குக் கையெழுத்துப் போட யோசிப்பார். ஆகவே கையில் இருக்கும் வி8-ஐ நீட்டிப்பார்கள், புது வி8 கார்களில் துணிந்து இறங்க மாட்டார்கள் என்பது என் அனுமானம்.

வெளிநாட்டு விற்பனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 முதல் மஸ்டாங் உலகம் முழுக்க விற்கும் வண்டி. பிரான்சில் அதிகம் புகை கக்கும் கார்களுக்கு முதல் பதிவின்போது ஒருமுறை வரி உண்டு. 2025-இல் அதன் உச்சம் 70,000 யூரோ, மஸ்டாங் வி8 அந்த உச்சத்தில்தான் விழும். காரின் விலையோடு போட்டி போடும் வரி. ஆஸ்திரேலியாவில் மஸ்டாங்குக்கு நல்ல கூட்டம், அங்கேயும் 2025-இல் கம்பெனி சராசரி விதி தொடங்கிவிட்டது. வாஷிங்டனில் தளர்த்தினாலும் மற்ற தலைநகரங்களில் தளர்த்தவில்லை.

இவ்வளவுக்கும் மேலே நிற்பது விலை. ரோட் ரன்னர் இன்றைய மதிப்பில் 26,000 டாலர் என்றேன் அல்லவா. 2024 மஸ்டாங் ஜிடியின் தொடக்க விலை 42,000-க்கு மேல். வேகம் நன்றாகவே கூடியிருக்கிறது, பிரேக்கும் பாதுகாப்பும் சொல்லவே வேண்டாம், ஆனால் அந்த இருபத்திரண்டு வயதுப் பையன் வரிசையில் இல்லை. 1966-இல் மஸ்டாங் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. 2015-இல் அமெரிக்காவில் 1,22,000. 2024-இல் 44,000. வாங்குபவர்கள் பிக்கப்புக்கும் எஸ்யுவிக்கும் போய்விட்டார்கள். மைலேஜ் விதியை முழுக்க எடுத்தாலும் அவர்கள் திரும்பமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த அளவில் நியாயமான வழி ஹைபிரிட்தான். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை தரும், வி8 தடுமாறும் நகர ஓட்டத்தில் அதுவே இழுத்துவிடும், பிரேக் போடும்போது வீணாகும் சக்தியையும் திரும்பப் பிடிக்கும். ஷெவர்லே கார்வெட்டில் இதைச் செய்துகாட்டிவிட்டார்கள்: இ-ரே மாடலில் வி8 பின்சக்கரத்துக்கு, மோட்டார் முன்சக்கரத்துக்கு, மொத்தம் 655 குதிரைத்திறன். கார்வெட் மசில் கார் ஆகாது, அது ஸ்போர்ட்ஸ் கார், விலையும் வேறு ரகம். ஆனால் வழி அதுதான். ஃபோர்டு 2017 ஜனவரியில் மஸ்டாங் ஹைபிரிட் 2020-இல் வரும் என்று அறிவித்தது, வரவே இல்லை. செலவு, எடை, பேட்டரிக்கு இடம் எல்லாம் இடிக்கும். விதி மறுபடி இறுகும் நாள் வந்தால் அந்தக் கோப்பைத் தூசி தட்டுவார்கள்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மஸ்டாங் வி8 நாளைக்கே நிற்கப்போவதில்லை. போட்டியாளர்கள் காலி செய்த இடத்தில் அது தனியாக நிற்கிறது. அபராதமும் இப்போதைக்கு இல்லை, மேவரிக் ஹைபிரிட் பிக்கப் போன்ற சிக்கன வண்டிகளும் ஃபோர்டிடம் உண்டு. 'இப்போதே வாங்கு' என்று டீலர் சொல்வதற்கு டீலருக்குக் காரணம் இருக்கும். பிடித்திருந்தால், தவணை கட்ட முடிந்தால், இன்சூரன்ஸுக்கு முதலில் விலை கேட்டுவிட்டு வாங்கட்டும்; இளவயதுக்காரருக்கு 1970-இல் வலித்த அதே இடம் இன்றைக்கும் வலிக்கும். பின்னால் விலை ஏறும், முதலீடு என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவார். ஆயிரக்கணக்கில் தயாராகும் வண்டி சீக்கிரத்தில் அரும்பொருள் ஆகாது. பழைய வண்டி வாங்க யோசித்தால் கஃபே பற்றிக் கவலையே வேண்டாம், அது புது வண்டி விற்கும் கம்பெனிக்கான விதி. பழைய ஹெமி கார்களைப் பார்க்கப் போனால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டு டிக் டிக் என்று தட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வந்து, சூடேறிய பிறகும் நிற்காவிட்டால், நான் மேலே சொன்ன லிஃப்டர்கள் தேய்ந்து கேம்ஷாஃப்டையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கட்டும்.